மின்துறை அதிகாரிகளுக்கு: கம்பி போகும் நிலத்துக்கு வருச வாடகை கொடுங்கள்

நாடு விட்டு நாடு மின்சாரம் வாங்கி விற்கும் மின்துறைப் பெரியவர்களுக்கு, கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புக்காரன் ஒருவனின் வணக்கம்.

போன வாரம் எங்கள் பக்கம் நடந்த கூட்டத்தில் உயர்மின் கோபுரத்துக்கு வாடகை கேட்டோம். "நாட்டு வளர்ச்சிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்க, இப்ப பக்கத்து நாட்டுக்கே கரண்ட் விக்கிறோம்" என்றார் மேடையில் இருந்தவர். கைதட்டுவோம் என்று எதிர்பார்த்தார் போல.

விற்பதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. மழைக்காலத்தில் நேபாளத்து ஆறுகள் பெருகி அங்கே மின்சாரம் மிஞ்சுகிறது, நாம் வாங்குகிறோம். குளிர்காலத்தில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் அவர்கள் நம்மிடம் வாங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் லாபம். 10 ஆண்டுகளில் 10,000 மெகாவாட் வாங்க 2024 ஜனவரியில் ஒப்பந்தமும் போட்டாச்சு. அதே வருசம் நவம்பரில் நேபாளத்தின் 40 மெகாவாட் நம் கம்பி வழியாக வங்கதேசம் போனதே, அதற்கு நாம் சும்மாவா வழிவிட்டோம்? பாதைக் கட்டணம் உண்டு, அதற்கு மேல் கமிஷனும் உண்டு. நியாயம்தான், நம் மண், நம் கம்பி. அந்த நியாயம் என் தோப்புக்கு வரும்போது மட்டும் எங்கே போகிறது?

என் தோப்பில் கம்பி போன நிலப்பட்டையில் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த பெங்களூரா மாமரங்களை வெட்டினார்கள். மரத்துக்கு இவ்வளவு என்று ஒரே தடவை எண்ணிக் கொடுத்ததோடு சரி. இப்போது அங்கே மரம் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, போர் போட வரும் வண்டிக்காரர் மேலே பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். தூறலில் குடை பிடித்து நடந்தால் குடைக்கம்பி கையில் சுருக்கென்று கடிக்கும். நிலத்தை விற்கலாம் என்றால், பார்க்க வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு "அப்புறம் வர்றேண்ணா" என்கிறார்.

மின்பாதைக்கு 35 வருசம் ஆயுள் என்று நீங்களே கணக்கு வைத்திருக்கிறீர்கள். அத்தனை வருசமும் மாதாமாதம் கட்டணம் வசூலாகும், நிலத்துக்காரனுக்கு மட்டும் ஒரு தடவையோடு முடிந்தது. மொட்டைமாடியில் செல்போன் டவர் வைத்தவருக்குக்கூட வாடகை வருகிறது ஐயா. 2024 ஜூன் வழிகாட்டுதலில் இழப்பீட்டைக் கோபுர அடிக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி ஓடும் நிலப்பட்டைக்கு 30 சதவீதம் என்று உயர்த்தினீர்கள். சந்தோசம். ஆனால் அதெல்லாம் இனி வரும் பாதைகளுக்கு, முன்னாடியே கம்பி போனவர்கள் என்ன பாவம் செய்தோம்?

தலைக்கு மேல் இவ்வளவு மின்சாரம் ஓடியும் கீழே என் மோட்டார் ராத்திரியில் லோ வோல்டேஜில் உறுமிக்கொண்டு நிற்கிறது. சரி, அது வேறு துறை, விடுங்கள். 2025 ஏப்ரலில் இலங்கையோடும் மின் இணைப்புக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். வரட்டும். அதற்கும் கோபுரக்காலை யாரோ ஒருத்தர் கொல்லையில்தானே ஊன்றப் போகிறீர்கள்?

ஆகவே தயவுசெய்து, வசூலாகும் பாதைக் கட்டணத்திலிருந்தே எங்களுக்கு வருச வாடகை கொடுங்கள், பழைய பாதைக்காரர்களையும் சேர்த்து. அடுத்த கூட்டத்துக்காவது முடிவெடுக்கிற ஆளை அனுப்புங்கள். பட்டா, சிட்டா நகலோடு வருகிறோம்.