கல்லெறிந்தவர் படித்தவர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசியல் வன்முறை பற்றிய உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில், படிப்பும் வேலையும் இல்லாத இளைஞர்கள்தான் கூலிக்குக் கல்லெறிகிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நாகர்கோவில் - குளச்சல் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைப் படித்ததும் மனம் பொறுக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் சொல்வது சரி என்றால் இங்கே ஒரு பஸ் கண்ணாடிகூட உடைந்திருக்கக் கூடாது.

ஒரு பந்த் அன்று திங்கள்நகர் தாண்டியதும் என் வண்டி மீது கல் விழுந்தது. கண்ணாடி நொறுங்கி, புருவத்துக்கு மேலே தையல் போட்டார்கள். எறிந்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலை டிபன் பாக்ஸோடு ஏறுகிறவர், வங்கியில் வேலை, சில்லறை சரியாகக் கொடுப்பார், கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் எழுந்து இடம் விடுவார். நான் மறுபடி வேலைக்கு வந்தபோது, என் நெற்றியில் இருந்த கட்டைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காசை நீட்டினார். ஏன் சார் என்று கேட்டேன். "எல்லாவனும் எறியும்போ நான் மட்டும் சும்மா நிண்ணா, நாளைக்கு ஊருல எப்படிண்ணே நடக்க முடியும்?" என்றார். கட்சி மீது அவருக்குப் பெரிய பற்றும் கிடையாது. கூலி யாரும் கொடுக்கவும் இல்லை. அந்த மருத்துவச் செலவுக்காக நான் எத்தனை மேஜைக்கு அலைந்தேன் என்பது தனிக் கதை.

1982 மார்ச்சில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தபோது எங்கள் தெருவில் ராத்திரி முழுக்க ஆண்கள் காவல் நின்றார்கள். என் சித்தப்பா கணக்கு வாத்தியார். தேங்காய் வெட்டும் அரிவாளோடு அவரும் நின்றார். 'அவர்கள் வருகிறார்கள்' என்று ஒருவன் ஓடிவந்து சொன்னால் போதும், யார் பார்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த ஊரிலும் இதே மாதிரிதான் நின்றார்களாம், நாங்கள் வருகிறோம் என்று. தாக்கப் போகிறோம் என்று யாரும் நினைக்கவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் இரண்டு பக்கமும் ஆயுதம் எடுத்தது. அந்தப் பயத்தை மேடை போட்டு வளர்த்தவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போராடியவர்களை 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்ட போலீஸ்காரர்களும் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தியவர்கள்தானே?

இன்னொன்றும் கேட்கிறேன். அதே கட்டுரையில் 1942இல் போலந்தின் யூசெஃபுவ் கிராமத்தில் யூதர்களைச் சுட்டுக் கொன்ற ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ரிசர்வ் போலீஸ் படையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று அதிகாரியே சொல்லியும், சுமார் 500 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் உடனே விலகினார்கள். துறைமுகத் தொழிலாளிகள், லாரி டிரைவர்கள், குமாஸ்தாக்கள், சாதாரண மனிதர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஜெர்மனிக்காரன் என்றால் சாதாரண மனிதன், எங்கள் ஊர்க்காரன் என்றால் படிக்காதவனும் கூலிக்காரனுமா?

முன்பும் இதைப் பற்றி எழுதினேன். நான்கு வரியாகச் சுருக்கி, சாக்கடை அடைப்புக் கடிதத்துக்கு அடியில் போட்டீர்கள். பரவாயில்லை. பந்த் மறுநாள் கண்ணாடி உடைந்த பஸ்ஸின் படம் முதல் பக்கத்தில் வருகிறது. அப்புறம் அந்த வழக்கு என்ன ஆனது என்று நான் உங்கள் பத்திரிகையில் படித்ததே இல்லை. 1992ஆம் ஆண்டு பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகும் பஸ் வழக்குகளில் தீர்ப்பு வரும்போது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்ன படித்தவர்கள், என்ன வேலை பார்ப்பவர்கள் என்பதையும் சேர்த்து எங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு பத்தி போடுங்கள். பெயர்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
மணவாளக்குறிச்சி.