மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே

பெருகிவரும் சாலை விபத்துகள் பற்றிய தங்கள் தலையங்கம் மேம்பாலம், கேமரா, அபராதம் ஆகியவற்றை அலசியது. அதிகம் செலவில்லாத ஒன்று விடுபட்டுவிட்டது. போக்குவரத்து சிக்னலில் மஞ்சள் விளக்கின் நேரமும், அதையடுத்து எல்லாத் திசைகளிலும் சிவப்பு எரியும் இடைவெளியும்தான் அது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி. சீராகப் பிரேக் பிடித்து நிற்க மேலும் 32 மீட்டர். நிற்க இடம் போதாதவர் இந்த 46 மீட்டரை அதே வேகத்தில் கடக்க 3.3 நொடி ஆகும்; மஞ்சள் அதற்குக் குறையக் கூடாது. 2 நொடியில் முடித்தால், நிற்கவும் முடியாமல் கடக்கவும் முடியாமல் பலர் சிக்குவர். இவர்களை விதிமீறுவோர் என்பது நியாயமில்லை. 24 மீட்டர் அகலச் சந்திப்பை 12 மீட்டர் நீளப் பேருந்து 30 கி.மீ. வேகத்தில் முழுதாகத் தாண்ட 4.3 நொடி ஆகும்; அதற்குள் குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்தால் மோதல்தான்.

பச்சை விழ மீதமுள்ள நொடிகளைக் காட்டும் இறங்குமுக எண் பலகையில் 3 விழுந்ததுமே முன்வரிசை இருசக்கர வாகனங்கள் நிறுத்தக்கோட்டைத் தாண்டி ஊர்வதைச் சந்திப்புகளில் நாள்தோறும் காணலாம். காத்திருப்பவரையும் பின்னாலிருந்து ஹாரன் அடித்தே கிளப்பிவிடுகிறார்கள். எனவே, சிவப்பின் கடைசி 5 நொடிகளில் அந்த எண்களை மறைக்கலாம். ஒவ்வொரு சந்திப்பையும் நாடா பிடித்து அளந்து, மஞ்சளையும் அனைத்துச் சிவப்பையும் தனித்தனியே கணக்கிட்டுப் பொருத்த வேண்டும். பாதசாரிகள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்ற கணக்கு முதியோருக்கு ஒத்துவராது. 1 மீட்டர் எனக் கொண்டு, 18 மீட்டர் சாலைக்கு 18 நொடியாவது ஒதுக்குவது நல்லது.