போகிக்கு இறக்கிய பரண்

அன்புத் தோழிக்கு,

நலமா? முழங்கால் வலி பரவாயில்லையா? பொங்கல் முடிந்து பத்து நாளாகியும் எனக்குத் தோள்பட்டை வலி விடவில்லை, அதனால்தான் கடிதம் தாமதம். இந்த முறை போகிக்கு ஒப்புக்குப் பெருக்கித் துடைக்காமல் வீட்டை முழுசாகச் சுத்தம் செய்தேன். நங்கநல்லூருக்கு வந்த பிறகு முதல் முறையாகப் பரணையும் இறக்கினேன். போன தடவை நீ வந்தபோது மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னடி, தலைக்கு மேலே இன்னொரு குடும்பமே இருக்கும் போலிருக்கே" என்றாயே, அது மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

நாலு நாள் ஆயிற்று. முதல் நாள் ஒட்டடையும் ஃபேன்களும். ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி அப்படியே இழுத்தால் தூசி முழுக்க உறைக்குள்ளேயே விழுந்துவிடும், கட்டிலில் ஒரு துளி சிந்தாது, செய்து பார். எங்களுக்குப் போர் தண்ணீர் என்பதால் குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரைமணி நேரம் விட்டுத் தேய்த்தேன், உப்புப் படிவு கரைந்து வந்துவிட்டது. ஆனால் மொசைக் தரையில் வினிகர் சொட்டாமல் பார்த்துக்கொள், தரையை அரித்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் சேர்த்துப் போடவே போடாதே. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அப்படிச் செய்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே ஓடி வந்து ஒரு மணி நேரம் இருமினேன். நீ வேறு இழுப்பு உள்ளவள்.

பரண் கதைக்கு வருகிறேன். நம் ஊர் வீட்டில் ஒரு சாமான் பழசானால் அதற்குப் போக இடம் இருந்தது. கூடத்தில் இருந்த பெஞ்சு திண்ணைக்குப் போகும், திண்ணையிலிருந்து கொல்லைக்கு, அப்புறம் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு முட்டுக் கொடுக்கும், கடைசியில் வெந்நீர் அடுப்புக்கு விறகாகும். யாரும் உட்கார்ந்து முடிவு எடுத்ததில்லை. இந்த அடுக்குமாடி வீட்டில் கொல்லையா இருக்கிறது? பரண் ஒன்றுதான். மேலே ஏறிய எதுவும் திரும்பி இறங்குவதில்லை.

எங்களுக்கு அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, உனக்குத் தெரியும். 2015 டிசம்பரில் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் இருந்தோமே, அடையாறு உள்ளே வந்து இடுப்பளவு நின்றபோது பீரோ, கட்டில், ஆல்பம், என் சர்டிஃபிகேட் எல்லாம் சேற்றோடு போயிற்று. மிஞ்சியது பரணில் இருந்தவை மட்டும். அன்றிலிருந்து எதை இழக்கக் கூடாது என்று தோன்றினாலும் அம்மா மேலே ஏற்றச் சொல்லிவிடுவாள். இப்போது இரண்டாவது மாடியில் இருக்கிறோம், இருந்தும் கேஸ் ரசீது வரைக்கும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேலே வைத்திருக்கிறாள். பயத்தைத்தான் இத்தனை வருஷமாகத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறோம் என்று ஏணியில் நிற்கும்போது பட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு பையாகக் கீழே கொண்டுவந்து அவள் மடியில் வைத்து, "இது வேணுமா?" என்று மட்டும் கேட்டேன்.

நிறையப் போயிற்று. பழைய பேப்பர்காரர் 38 கிலோ எடை போட்டார். அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இருந்தது, ஓட்டிப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் மனைவிக்குக் கொடுத்தேன். பழைய டியூப் லைட்டுகளில் பாதரசம் இருக்கிறது என்பதால் உடையாமல் தனியாகக் கட்டி வைத்தேன். எதையும் கொளுத்தவில்லை. மார்கழிக் கடைசியில் பனியோடு புகையும் சேர்ந்தால் அது மேலே போகாமல் தெருவிலேயே படிந்துவிடுகிறது, 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்களே, அந்தக் காலை எங்கள் தெருவில் எதிர்வீடு தெரியவில்லை. இந்த வருஷம் கிழிந்த மெத்தையைத் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் மட்டும் விடியற்காலையில் போகி மேளம் அடித்துக்கொண்டு போனார்கள், கேட்க நன்றாக இருந்தது.

கடைசியாக இறங்கியது எவர்சில்வர் மூட்டை. மொத்தம் 41 உருப்படி, எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. பெரியம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த குடம், மாமா சீர் வைத்த அண்டா. எடைக்குப் போடலாம் என்று எடுத்தால் விளிம்பில் ஒரு மனுஷரின் பெயர் நிற்கிறது, கை எப்படி வரும்? ஒன்றைக்கூடப் போடவில்லை. அதில் ஒரு சின்னத் தூக்கு. துடைத்துப் பார்த்தால் உன் அம்மாவின் பெயர், கீழே 1986.

அம்மாவைக் கேட்டேன். உடனே நினைவு வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வெட்டிய தூக்காம், ஒரு பொங்கலுக்கு அதில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார்களாம். வெறுந்தூக்காகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஏதாவது போட்டுக் கொடுக்கலாம் என்று அம்மா எடுத்து வைத்தாள், அதற்குள் உன் அப்பாவுக்கு மாற்றல் வந்து நீங்கள் திருச்சிக்குப் போய்விட்டீர்கள். உன் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அம்மா அந்தத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். வெள்ளத்திலும் போகாமல் நின்றிருக்கிறது பார்.

புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன். மாசி மாதம் திருச்சி வரும்போது கொண்டுவருகிறேன். அதிரசம் செய்து போடட்டுமா, இல்லை உனக்குச் சர்க்கரை என்பதால் முறுக்கா? அம்மா அதிரசம்தான் என்கிறாள். எழுது.

உன்,
மூன்றாம் பெஞ்சுத் தோழி