எஃப் 4-இல் ஓடுகிறது, எஃப் 8-இல் நிற்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். போன தை மாதம் ஒரு முகூர்த்தத்தில் என் 24-105 ஜூம் லென்ஸ் (24 என்றால் அகலக் காட்சி, 105 என்றால் கிட்டக் காட்சி) காலை வாரிவிட்டது. கெட்டிமேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார், நான் பட்டனை அழுத்தினால் ஸ்கிரீனில் 'எர்ர் 01' என்று வருகிறது. லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளவில்லை, இரண்டும் தொட்டுக்கொள்கிற மின் புள்ளிகளை (கான்டாக்ட்) துடை என்று அதற்கு அர்த்தம். நல்லவேளையாகத் தங்கச்சி மகன் இன்னொரு கேமராவோடு பக்கத்தில் நின்றதால் தாலி கட்டும் படம் தப்பித்தது.

மறுநாள் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கவுன்ட்டரில் இருந்த தம்பி லென்ஸைக் காதருகே வைத்து இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, "ஃபோகஸ் மோட்டார் போச்சுண்ணே, பதினாலாயிரம் ஆகும், பேசாம புதுசு வாங்கிடுங்க" என்றார். கேமராவில் மாட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மனசு கேட்காமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கண்ணாடி துடைக்கிற துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு லென்ஸின் பின்பக்கத்துத் தங்கநிறப் புள்ளிகளைத் துடைத்தேன், கேமரா பக்கத்து ஊசிகள் ஸ்பிரிங் வைத்தவை என்பதால் அவற்றை அழுத்தாமல் மெல்லத் தடவினேன். (வாயால் ஊதாதீர்கள், எச்சில்தான் தெறிக்கும்.) எர்ர் போகவில்லை. சரி என்று லென்ஸைத் தங்கச்சி மகன் கேமராவில் மாட்டினேன், அங்கேயும் அதே எர்ர். அவனுடைய 50 எம்எம் லென்ஸ் என் கேமராவில் ஒழுங்காக வேலை செய்தது. ஆக கேமராவில் கோளாறு இல்லை, லென்ஸில்தான். ஆனால் அதில் ஃபோகஸ் சர்ரென்று போய் நிற்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக நிற்கிறது, அப்புறம் எந்த மோட்டார் போனதாம்?

எஃப் எண் என்பது லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பதன் அளவு, எண் கூடினால் திறப்பு சுருங்கும். மேனுவல் மோடில் எஃப் 4 வைத்து இருபது படம் எடுத்தேன், ஒரு தகராறும் இல்லை. எஃப் 8 வைத்தேன், முதல் படத்திலேயே நின்றுவிட்டது. அதிலும் 24 பக்கம் ஜூமை வைத்தால்தான் எர்ர், 70-ஐத் தாண்டினால் எஃப் 8-இலும் எடுக்கிறது.

நாம் வியூஃபைண்டரில் பார்க்கும்போது லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துளை, முழுதாகத் திறந்தே இருக்கும், ஷட்டர் விழுகிற அந்த நொடியில்தான் உள்ளே இருக்கிற இதழ்கள் நாம் வைத்த அளவுக்குச் சுருங்கும். எஃப் 4 அந்த லென்ஸின் முழுத் திறப்பு, இதழ்கள் அசையவே வேண்டாம் என்பதால் எர்ருக்கும் வேலையில்லை. எஃப் 8 என்றால் அவை சுருங்க வேண்டும், அந்த உத்தரவைக் கொண்டுபோகிறது ஒரு மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிள், மடங்கக்கூடிய பட்டை கேபிள். ஜூமைத் திருப்பும்போதெல்லாம் அது மடிந்து நிமிர்கிறது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மடிந்தால் கம்பி அறுந்துதானே போகும்?

திருச்சியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் இதையெல்லாம் சொன்னேன். திறந்து பார்த்தார், அதேதான். கேபிளும் கூலியும் சேர்த்து 2,800 ரூபாய். பழைய கேபிளையும் கேட்காமலே கையில் கொடுத்தார்.

கடைகளில் அடிக்கடி விழும் இன்னொரு வார்த்தை 'ஃபங்கஸ்', லென்ஸ் கண்ணாடியில் பிடிக்கிற பூஞ்சை. அதையும் நாமே பார்த்துக்கொள்ளலாம், லென்ஸின் பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்தால் நூலாம்படை மாதிரி இழை தெரியும். அதனால் படம் மங்கலாகுமே தவிர எர்ர் வராது, ஃபோகஸும் நிற்காது. எங்கள் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு லென்ஸைத் தோல் பையோடு பீரோவில் பூட்டுகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். அரிசிப் பானையில் மட்டும் போடாதீர்கள், உள்ளே போவது அரிசித் தூசிதான்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பொருளை வாங்கியவருக்கு அதைப் பழுதுபார்க்கும் உரிமை வேண்டும் என்று குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைக் குறித்தார்கள், கேமராவுக்குத் தனியாகப் பெயர் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது உழவனின் ஏர் மாதிரி, அதையும் சேர்க்க வேண்டும். எந்தப் பாகம் போனது என்று சர்வீஸ் கடைகள் எழுதித் தர வேண்டும், மாற்றிய பாகத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், நான் கேட்பது இவ்வளவுதான்.

அந்தப் பழைய கேபிள் இப்போதும் என் பர்ஸில் இருக்கிறது. சுண்டுவிரல் அகலம்கூட இல்லை, வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பில் முடி மாதிரி ஒரு விரிசல்.

கல்யாண போட்டோகிராபர்,
மன்னார்குடி