கொலைகாரன் யார் என்று சொல்லிவிடாதீர்கள்: எங்கள் வளவுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிவமயம்

பங்காளிகள் எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நம் முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடும் படைப்புக்கு வருகிறீர்கள். வாருங்கள், சந்தோஷம். சமையல்காரருக்குச் சொல்லியாயிற்று, கிணறு தூர் வாரியாயிற்று. இந்த மடல் அதற்காக இல்லை.

போன படைப்பில் நடந்ததை மறந்திருப்பீர்கள். அப்பத்தா மறக்கவில்லை. வளவுப் பத்தியில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பனியில் மாட்டிக்கொண்ட ரயிலில் நடக்கும் கொலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசிப் படம் முடிந்துவிட்டது. கை கழுவப் போன நம் வீட்டுப் பிள்ளை ஒன்று, "அட, இதுவா? இதுல கொன்னது..." என்று விடையைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. அப்பத்தா திட்டவில்லை. பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "சரி, அணைச்சுரு" என்றார். நாலு நாள் டிவி பக்கமே வரவில்லை.

சிங்கப்பூரிலிருந்து நான் வாங்கி வந்த டிவிடி பெட்டிதான் எல்லாவற்றுக்கும் காரணம். டேவிட் சூஷே என்ற நடிகர் துப்பறியும் புவாரோவாக 1989-இல் ஆரம்பித்து 2013 வரை நடித்தது, மொத்தம் 70 கதைகள். அகதா கிறிஸ்டி எழுதியவை. அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லுவேன். ஐம்பது நிமிஷப் படம் இரண்டு மணி நேரம் ஓடும். இடைப்பலகாரத்துக்கு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை போகும்.

புவாரோ பெல்ஜியத்துக்காரர் என்று சொன்ன அன்றே அப்பத்தா அவரைச் சேர்த்துக்கொண்டார். "நம்ம கண்ணாடிக்கு ஊர்க்காரராக்கும்!" முகப்பில் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடியைச் சொல்கிறார். அந்தக் குட்டிக் குட்டி நடைக்காக சூஷே பின்புறத்தில் ஒரு காசை இடுக்கிக்கொண்டு நடந்து பழகினாராம். அதைச் சொன்னதும் வெற்றிலை புரையேறும்வரை சிரித்தார். படத்தில் வருகிற 1930களின் வழவழ வீடுகளைப் பார்த்தால், வளைந்த பால்கனியும் கோடு போட்ட சுவருமாக, நம் பக்கம் அதே காலத்தில் எழும்பிய வீடுகளின் மாடி முகப்புகள் ஞாபகம் வராமல் போகாது.

துப்பறிவதில் அப்பத்தாவிடம் நான் பல தடவை தோற்றிருக்கிறேன். நான் கத்தி எங்கே, கடிகாரம் எத்தனை மணிக்கு நின்றது என்று பார்ப்பேன். அவர் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் கிழவன் செத்தா பங்கு யாருக்குப் போகுது?" உயில் எழுதினார்களா, மாற்றினார்களா, இளையாள் உண்டா, பிள்ளை கூட்டியிருக்கிறார்களா (தத்து எடுத்திருக்கிறார்களா) என்று வரிசையாக விசாரணை நடக்கும். இத்தனை பங்காளிகளும் இத்தனை பூட்டிய அறைகளும் ஆளுக்கொரு சாவியுமாக இருக்கிற வீட்டில் அறுபது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு இங்கிலீஷ் ஜமீன் வீட்டுக் கொலை என்ன பெரிய புதிர்? கல்யாணத்துக்குக் கூடிய கூட்டம் மாதிரி எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள், ஒருத்தர் பொய் சொல்கிறார். அவ்வளவுதான். (நம் வீட்டில் இதுவரை கொலை நடக்கவில்லை என்பதில் எனக்கும் ஆச்சரியம்தான்.)

இவருக்கு இந்தப் பித்து புதிதும் இல்லை. 1990களின் கடைசியில் சன் டிவியில் 'விடாது கருப்பு' மர்மத் தொடர் வந்தபோது இதே பத்தியில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கும். அப்போது விடை யாருக்கும் தெரியாது, அதனால் யாராலும் கெடுக்க முடியாது. வாரம் முழுக்கக் கிணற்றடியில் அதுதான் பேச்சு. இப்போது பார்த்து முடித்தவரும் பார்க்காதவரும் ஒரே பாயில் உட்காருகிறோம். பிடித்தது வம்பு.

விஷயத்துக்கு வருகிறேன். 69 பார்த்தாயிற்று. கடைசிக் கதை 'கர்ட்டன்' மட்டும் பாக்கி. கிறிஸ்டி அதை இரண்டாம் உலகப் போர் நேரத்திலேயே எழுதி, வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். புத்தகமாக வந்தது 1975-இல். இதைச் சொன்னபோது அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முப்பது வருஷம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கா பாரு" என்றார். யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

படைப்பு முடிந்த மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அதைப் போடப்போகிறோம். எல்லோரும் வந்த பிறகுதான் பார்க்க வேண்டும் என்பது அப்பத்தாவின் பிடிவாதம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஏற்கெனவே பார்த்தவர்கள் தயவுசெய்து முகப்புத் திண்ணையில் சீட்டாடுங்கள், காப்பி அங்கேயே வந்துவிடும். பத்தியில் உட்காருகிறவர்கள் "இவன் மேலதான் எனக்குச் சந்தேகம்" என்று தாராளமாகச் சொல்லலாம், தெரியாமல் சொன்னால் தப்பில்லை. தெரிந்துகொண்டு தெரியாத மாதிரி சொன்னால் அப்பத்தா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

சீப்புச் சீடை இரண்டு டின் சொல்லியிருக்கிறேன். கடைசிப் பதினைந்து நிமிஷத்துக்கு மட்டும் அதைக் கடிக்க வேண்டாம், வசனம் கேட்காது.

இப்படிக்கு,
மேற்குப் பத்தி வீட்டுப் பேரன்