உழவர் மன்றத்தின் 2025–26 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. அறுவடை நேரத்தில் வருகை குறைந்தது, அது எல்லா வருடமும் உள்ளதுதான். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நாம் அதிகம் பேசியது பயிருக்குத் தெளிக்க என்று கடைகளில் விற்கும் ‘டானிக்’ பற்றியே, ஆகவே அறிக்கையிலும் அதற்கே அதிக இடம்.

இந்த டானிக்குகளில் பலவும் பயோ ஸ்டிமுலன்ட், அதாவது உயிர் ஊக்கி என்ற வகையில் வருபவை. 2021-இல் மத்திய அரசு இவற்றை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது. பயிரின் உள் இயக்கத்தைத் தூண்டி, சத்தை எடுக்கும் திறனையும் வறட்சி போன்றவற்றைத் தாங்கும் திறனையும் கூட்டுவதே இவற்றின் வேலை. பூச்சிமருந்து இதில் சேராது. தற்காலிகச் சான்றில் விற்க 2025 ஜூன் வரைதான் அனுமதி இருந்தது. முன்பு சுமார் 30,000 பெயர்களில் விற்றது, கெடுபிடிக்குப் பிறகு 650 அளவுக்குக் குறைந்துவிட்டதாக மத்திய வேளாண் அமைச்சர் அந்த ஜூலையில் சொன்னார். மற்றதையெல்லாம் நம்பித் தெளித்தது யார்? நாம்தான். இனி பில் இல்லாமல், பதிவு விவரம் பார்க்காமல் யாரும் வாங்க வேண்டாம் என்று முடிவு செய்துள்ளோம்.

நாமே செய்துகொள்வதில் பஞ்சகவ்யாதான் முன்னால் நிற்கிறது. இதைப் பயிருக்கு என்று பரப்பியவர் நம் ஈரோடு மாவட்டத்துக் கொடுமுடி டாக்டர் நடராஜன். செயல்முறை விளக்கத்தில் 7 கிலோ சாணத்தில் 1 கிலோ நெய் பிசைந்து மூன்று நாள் வைத்தோம். பிறகு 10 லிட்டர் கோமியமும் 10 லிட்டர் தண்ணீரும் சேர்த்து, தினமும் காலை மாலை கலக்கினோம். இரண்டு வாரம் கழித்து பால், தயிர், இளநீர், வெல்லம், கனிந்த வாழைப்பழம் போட்டோம். மாதம் ஒன்று ஆகிவிட்டது. நெய் விலையைக் கேட்டு முணுமுணுத்தவர்கள் உண்டு. தெளிக்க 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி போதும். வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

கடற்பாசிச் சாறு பற்றியும் ஒரு கூட்டம் நடந்தது. மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் பாசியை வளர்க்கிறார்கள். பச்சையாகவே பிழிந்து சாறு எடுக்கும் முறையை உருவாக்கியது குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். சக்கையிலிருந்து, உணவுப் பண்டங்களைக் கெட்டியாக்கச் சேர்க்கும் காரஜீனன் எடுக்கலாம். சாற்றில் பொட்டாசியமும் சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சிப் பொருள்களும் உள்ளன.

மஞ்சள் வயலில் பஞ்சகவ்யா தெளித்த பாத்தியையும் தெளிக்காத பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இலைப் பச்சை கூடியது கண்ணுக்குத் தெரிந்தது. கிழங்கு எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு பாத்திக்கும் தொழுவுரம் ஒரே அளவில் போகாததால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று: மண்ணில் சத்தே இல்லாவிட்டால் ஊக்கி எதைத்தான் எடுத்துக் கொடுக்கும்? அடியுரத்தைக் குறைத்துவிட்டு டானிக்கை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த ஆண்டு மண் பரிசோதனை செய்து, இரு பக்கமும் ஒரே அளவு தொழுவுரம் இட்ட பிறகே சோதிக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது.

அப்புறம், மன்றத்தின் 200 லிட்டர் டிரம்மை எடுத்துப் போனவர்கள் கழுவித் திருப்பித் தரவும். ஆடிப் பட்டத்துக்கு முன் அது தேவைப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்