முதியோர் இல்ல ஆய்வு இரவிலும் நடக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் பராமரிப்பு இல்லங்களை அரசு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோரிக்கை நியாயமானது. ஆனால், எத்தனை முறை ஆய்வு நடக்கிறது என்பதைக் காட்டிலும், எந்த நேரத்தில் நடக்கிறது, வருகிறவர் எதைப் பார்க்கிறார் என்பவைதாம் அங்கே படுத்திருப்பவருக்கு முக்கியம். இத்தகைய இல்லங்களில் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஆய்வாளர் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அன்றைக்கு அது வேறு இல்லமாகிவிடும். விடுப்பில் இருப்பவர்கள்கூட வேலைக்கு அழைக்கப்படுவார்கள். படுக்கை விரிப்புகள் மாறும். நன்றாக நடமாடுகிற, சிரித்துப் பேசுகிற முதியவர்கள் வரவேற்பறையில் உட்காரவைக்கப்படுவார்கள். இது ஓரிரு இல்லங்களின் வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க முதியோர் இல்லங்களின் சம்பளப் பதிவேடுகளை நாள்வாரியாக ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டு ஆய்வை ஒட்டிய நாள்களில் பணியாளர் எண்ணிக்கை கூடுவதையும், ஆய்வாளர்கள் போனபின் அது மறுபடி குறைவதையும், சனி, ஞாயிறுகளில் வழக்கமாகவே ஆள் பற்றாக்குறை இருப்பதையும் காட்டியது. இத்தனைக்கும் அந்த நாட்டின் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆய்வு முன்னறிவிப்பு இல்லாமல்தான் நடக்க வேண்டும். ஆய்வு நாளை இல்லத்துக்குக் காட்டிக்கொடுப்பவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் விதிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. தேதி தெரியாவிட்டால் என்ன, ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை வருவார்கள் என்று தெரிந்தாலே அனுபவமுள்ள நிர்வாகி மாதத்தைக் கணித்துவிடுவார். ஆகவே ஆய்வுகளுக்கு இடையிலான இடைவெளியும் சீராக இருக்கக் கூடாது. ஒருமுறை வந்துபோன மூன்றாம் வாரமே மறுபடி வந்து நிற்கவும் ஆய்வாளருக்கு அதிகாரம் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலைக்கு முன்பு, அங்கீகாரத்தைப் புதுப்பிப்பதற்கான தணிக்கை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நடந்துவந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஓக்டன் முதியோர் மனநலப் பராமரிப்பு மையத்தில் நடந்த கொடுமைகள் 2017-இல் அம்பலமானபோது, அது அதுவரை தணிக்கைகளில் தேறிவந்த இடம் என்பதும் சேர்ந்தே அம்பலமானது. அதைக் கண்டுபிடித்தது தணிக்கை இல்லை. உறவினரை அங்கே சேர்த்திருந்த குடும்பத்தாரின் விடாப்பிடியான புகார்தான்.

ஏட்டை மட்டும் பார்க்கும் ஆய்வு எப்படி ஏமாறும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். படுக்கையிலேயே கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் இடுப்பின் பின்புறமும் குதிகாலும் சிவந்து, பிறகு படுக்கைப் புண்ணாகிவிடும். புரட்டிய நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கும். நான் பணியாற்றிய ஓர் இல்லத்தில், இரவுப் பணி தொடங்கிய சற்று நேரத்திலேயே அந்தத் தாள் விடியற்காலை ஆறு மணி வரைக்கும் நிரப்பப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. எல்லாம் ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதிய எழுத்து. எழுதிய பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தளத்தில் இருந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அன்றிரவு அவர் ஒருவர்தான். எழுதாவிட்டால் வேலை போகும். எழுதியபடி செய்வதென்றால் இன்னும் மூன்று பேராவது வேண்டும். மறுநாள் பகலில் ஆய்வாளர் வந்திருந்தால் அந்தத் தாள் அவர் கண்ணுக்குக் குறையே இல்லாத சான்றாகத் தெரிந்திருக்கும். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்திருந்தால்தான் உண்மை தெரிந்திருக்கும்.

எனவே ஆய்வு என்பது முதலில் உடம்பைப் பார்ப்பதாக இருக்க வேண்டும். அந்த நபரின் சம்மதத்தோடும் கண்ணியத்தோடும் செவிலியப் பயிற்சி பெற்ற ஆய்வாளர் அதைச் செய்ய முடியும். எடைப் பதிவேட்டைப் புரட்டினாலே பல செய்திகள் கிடைக்கும். ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காடோ, ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ தானாகக் குறைந்தால் அது கவனிக்க வேண்டிய குறைவு என்பது மருத்துவத் துறையில் ஏற்கப்பட்ட அளவுகோல். ஒரே தளத்தில் நான்கைந்து பேருக்கு அப்படிக் குறைந்திருந்தால், தட்டு வருகிறது, ஊட்டிவிட ஆள் வரவில்லை என்று பொருள். அழைப்பு மணியின் கயிறு கைக்கு எட்டுகிறதா, தண்ணீர்க் குவளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க அரை நிமிடம் போதும். பக்கவாதத்தால் வலக்கை விழுந்தவருக்கு வலப்பக்கம் வைத்த தண்ணீரால் என்ன பயன்?

மருந்து விஷயம் இதைவிடக் கவலைக்குரியது. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. ஆயினும், இரவில் எழுந்து நடக்கிறார், கத்துகிறார் என்ற காரணத்துக்காக இந்த மருந்துகள் இன்றும் எளிதில் எழுதித் தரப்படுகின்றன. கயிற்றால் கட்டினால் பார்க்கிறவர் கேள்வி கேட்பார். மாத்திரையால் கட்டினால் ‘அம்மா அமைதியாக இருக்கிறார்’ என்று மகிழ்ந்துபோவார். இப்படிப்பட்ட மருந்து எத்தனை பேருக்கு, எந்த நோய்க்காக, யாரால் எழுதிக் கொடுக்கப்படுகிறது, கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்யப்பட்டது என்பதை ஒவ்வோர் ஆய்வும் எண்ணிச் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆள்பலம். ஆஸ்திரேலியா இதை நிமிடக் கணக்கில் வகுத்திருக்கிறது: 2024 அக்டோபர் முதல், இல்லத்தில் இருப்பவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு என்றும், அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையது என்றும் இலக்கு வைத்திருக்கிறது. அளவு கூடுதலா குறைவா என்று விவாதிக்கலாம். அளவே இல்லாவிட்டால் ஆய்வாளர் எதை வைத்து ‘ஆள் போதாது’ என்று எழுதுவார்? எண்ணை வகுத்த பிறகு, நிர்வாகம் எழுதித் தரும் பணிப்பட்டியலை நம்பாமல், சம்பளம் பட்டுவாடா ஆன கணக்கோடு அதை ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் 2008-இல் இல்லங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வந்தபோது, பணியாளர் எண்ணிக்கையை இல்லங்களே சொல்லிவந்தன; 2016-இல்தான் சம்பளப் பதிவேட்டிலிருந்து மின்னணு முறையில் தரவு பெறத் தொடங்கினார்கள்.

நட்சத்திரம், மதிப்பெண் என்றெல்லாம் சுருக்கித் தருவதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஜெர்மனியில் 2009-இல் பள்ளி மதிப்பெண் போல இல்லங்களுக்குத் தர எண் கொடுக்கத் தொடங்கினார்கள். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்ததால், படுக்கைப் புண் தடுப்பில் விழுந்த குறையை உணவுப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஈடுகட்டிக்கொள்ள முடிந்தது. விளைவாக, ஏறக்குறைய எல்லா இல்லங்களும் ‘மிக நன்று’ வாங்கின. 2019-இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். பெற்றோரைச் சேர்க்கப் போகும் குடும்பத்துக்குத் தேவை, என்ன குறை கண்டார்கள், எந்தத் தேதிக்குள் சரிசெய்யச் சொன்னார்கள், செய்தார்களா என்ற முழு அறிக்கை.

அரசு தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் தயக்கம் ஒன்றுண்டு. உரிமத்தை ரத்து செய்தால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்பது அது. தயக்கம் பொய்யில்லை, நோயாளி முதியவரை ஒரே வாரத்தில் இடம் மாற்றுவது அவர் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இதை நிர்வாகங்களும் நன்றாக அறிந்திருக்கின்றன, பயன்படுத்தியும் கொள்கின்றன. எச்சரிக்கைக் கடிதத்துக்கும் இழுத்து மூடுவதற்கும் நடுவில் வழியே இல்லாத சட்டம் இருந்தால் கடிதங்கள்தாம் குவியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அரசுப் பணத்தை நிறுத்திவைத்தல், இல்லத்தின் பொறுப்பைத் தற்காலிக நிர்வாகியிடம் ஒப்படைத்தல் ஆகிய இடைப்பட்ட நடவடிக்கைகளை நான் முன்னர் சொன்ன 1987-ஆம் ஆண்டுச் சட்டமே வைத்திருக்கிறது. உரிமையாளரின் வருமானத்தைத் தொடுகிற, படுத்திருப்பவரின் படுக்கையைத் தொடாத தண்டனை இதுதான்.

குடும்பத்தாரின் வருகையையும் மேற்பார்வையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவை முன்னிட்டு அமெரிக்காவில் குடும்பத்தார் வருகையும் வழக்கமான ஆய்வும் ஒரே மாதத்தில் நிறுத்தப்பட்டன. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கும் கண்கள் இரண்டும் ஒருசேர மூடின. தொற்றுக்காக ஒன்றை மூட நேர்ந்தால் மற்றதைத் தக்க பாதுகாப்போடு கூட்டியாக வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவைக்கலாம். மேலும், புகார் தந்தவரின் தாயாரையோ தந்தையையோ ‘வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வெளியேற்ற முடியாதபடி பாதுகாப்பு வேண்டும். அந்தப் பயம் நீங்காதவரை புகார்ப் பெட்டி காலியாகவே இருக்கும், அதைக் காட்டியே ‘எங்கள் இல்லத்தில் புகாரே இல்லை’ என்றும் சொல்வார்கள். இரவில் தனியாக வேலை பார்க்கும் உதவியாளர் உண்மையைச் சொன்னால் அவருக்கும் அதே பாதுகாப்பு கிடைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆய்வாளர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை என்று பதில் வரக்கூடும். அப்படியானால், இருக்கிற ஆய்வாளர்களைக் கொண்டு எல்லா இல்லங்களையும் பகலில் ஒருமுறை சுற்றிவருவதை விடுத்து, எடைக் குறைவும் படுக்கைப் புண்ணும் ஊழியர் விலகலும் மிகுந்த இல்லங்களைத் தேர்ந்து, அங்கே ஞாயிற்றுக்கிழமையிலும் இரவு பத்து மணிக்கு மேலும் போகச் சொல்லுமாறு சம்பந்தப்பட்ட துறையைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்